ஊர்ப் பிரச்சினையை மாநிலங்களவையில் எழுப்புவது எப்படி? புதிய உறுப்பினருக்கும் அவரது அலுவலகத்துக்கும்

ரயில்வே கேட்டில் ஆம்புலன்ஸ் காத்துக் கிடக்கிறது என்று ஊர்க்காரர்கள் மனுக் கொடுக்கிறார்கள். உறுப்பினர் அவையில் மூன்று நிமிடம் உருக்கமாகப் பேசுகிறார். அன்று மாலையே பேச்சு வாட்ஸ்அப்பில் சுற்றுகிறது. ஆறு மாதம் கழித்துப் பார்த்தால் கேட் அப்படியே இருக்கிறது, ஆம்புலன்சும் நிற்கிறது. பேச்சில் குறை ஒன்றும் இல்லை. அந்த வேலையின் கோப்பு எந்த அலுவலகத்தில், எந்தக் காரணத்தால் நிற்கிறது என்று முன்கூட்டிப் பார்க்கவில்லை, அவ்வளவுதான்.

பிற நாடுகளில் செனட்டர் செய்யும் வேலையை நம் நாட்டில் மாநிலங்களவை உறுப்பினர் செய்கிறார். தமிழ்நாட்டுக்கு 18 இடங்கள், புதுச்சேரிக்கு ஒன்று. பதவிக்காலம் ஆறு ஆண்டு. மக்களவை உறுப்பினரைப் போல இவருக்குத் தொகுதி கிடையாது. இதனால் ஒரு வசதி உண்டு: மாநிலத்தின் எந்த மூலைப் பிரச்சினையையும் கையில் எடுக்கலாம். ஒரு தொல்லையும் உண்டு: எல்லா மூலையிலிருந்தும் மனு வரும். முதல் கூட்டத்தொடருக்கு முன்பே இரண்டு மூன்று மாவட்டங்களையும் நான்கைந்து துறைகளையும் தேர்ந்துகொள்ளுங்கள். எல்லாவற்றையும் தொடுகிறவர் எதையும் முடிப்பதில்லை.

முதல் வேலை: இது யாருடைய பொறுப்பு?

மனு வந்ததும் அரசமைப்பின் ஏழாவது அட்டவணையை எடுத்துப் பாருங்கள். குடிநீர்க் குழாய், பேருந்து வசதி, காவல் நிலையம், பட்டா ஆகியவை மாநில அரசின் பொறுப்பு. அவற்றைக் கேள்வியாக அனுப்பினால் இந்திய அரசின் முதன்மைப் பொறுப்பில் வராதது என்று சொல்லித் திருப்பிவிடுவார்கள். ரயில்வே, தேசிய நெடுஞ்சாலை, துறைமுகம், விமான நிலையம், அஞ்சலகம், பாஸ்போர்ட் அலுவலகம், கேந்திரிய வித்யாலயா, புவிசார் குறியீடு போன்றவை ஒன்றிய அரசிடம் இருக்கின்றன. மாநிலப் பொறுப்பிலுள்ள வேலைக்கும் ஒன்றிய நிதி வருகிறதென்றால், அந்த நிதி பற்றிக் கேட்கலாம்.

ஒரே பிரச்சினை இரண்டு அமைச்சகங்களில் சிதறிக் கிடப்பதும் உண்டு. இலங்கைக் கடற்படை கைது செய்த மீனவர்களின் விடுதலை பற்றி வெளியுறவு அமைச்சகத்திடம் கேட்க வேண்டும். மீனவர் நலத் திட்டங்களும் ஆழ்கடல் மீன்பிடிப்புக்கான உதவியும் 2019-இல் தனி அமைச்சகமான மீன்வளம், கால்நடை பராமரிப்பு, பால்வளத் துறையிடம் இருக்கின்றன. இரண்டையும் ஒரே கேள்வியில் திணித்தால் ஒரு பாதிக்கு மட்டும்தான் பதில் கிடைக்கும். தனித்தனியாக, இரண்டு அமைச்சகத்துக்கும் அனுப்புங்கள்.

இரண்டாவது வேலை: கோப்பு சேர்ப்பது

மனுவில் இருப்பது துயரம். அவையில் அதைவிட எண்கள் எடுபடும். ரயில்வே கேட்டையே எடுத்துக்கொள்வோம். கேட்டுக்கு ஓர் எண் உண்டு, எல்.சி. நம்பர் என்பார்கள். அது எந்த இரு நிலையங்களுக்கு இடையில், எந்தக் கோட்டத்தில் இருக்கிறது என்று குறித்துக்கொள்ளுங்கள். அடுத்தது டி.வி.யு. ஒரு நாளில் கடக்கும் ரயில்களின் அளவையும் சாலை வண்டிகளின் அளவையும் பெருக்கி வருவது. செலவைப் பகிர்ந்து மேம்பாலம் கட்ட இது ஒரு லட்சத்தைத் தாண்டியிருக்க வேண்டும் என்பது ரயில்வே நெடுங்காலம் வைத்திருந்த அளவுகோல். எண் தெரியாமல் மேம்பாலம் கேட்டால் ‘போக்குவரத்து அளவு போதாது’ என்று ஒரே வரியில் கேள்வி முடிந்துபோகும்.

பிறகு, அந்த வேலை ஏற்கெனவே ஒப்புதல் பெற்றதா என்று பாருங்கள். ரயில்வே ஒவ்வோர் ஆண்டும் பட்ஜெட்டோடு வெளியிடும் பிங்க் புத்தகத்தில் வேலைகளும் ஒதுக்கீடுகளும் வரிசையாக இருக்கும். ஒப்புதல் கிடைத்துப் பத்து ஆண்டாகியும் ஆண்டுக்கு ஆயிரம் ரூபாய் மட்டும் ஒதுக்கி உயிரோடு வைத்திருக்கும் வேலைகள் அதில் ஏராளம். உங்கள் ஊர் வேலை அப்படி ஒன்றென்றால் ‘மேம்பாலம் வேண்டும்’ என்று கேட்பது பழைய கேள்வி. ‘ஒப்புதல் தந்த வேலைக்கு ஏன் ஒதுக்கீடு இல்லை’ என்பதுதான் கேட்க வேண்டியது.

தண்டவாளத்துக்கு மேலே வரும் பகுதியை ரயில்வே கட்டும், இருபுற அணுகு சாலையை மாநில நெடுஞ்சாலைத் துறை கட்டும் என்ற ஏற்பாடு பல இடங்களில் உண்டு. அங்கெல்லாம் ‘நில எடுப்பு மாநில அரசிடம் நிலுவையில் உள்ளது’ என்ற பதில் தயாராக இருக்கும். கேள்வி அனுப்பும் முன்பே மாவட்ட ஆட்சியர் அலுவலகத்தில் நில எடுப்பு எந்தக் கட்டத்தில் இருக்கிறது என்று கேட்டு வையுங்கள். உண்மையில் தாமதம் அங்கேதான் என்றால், தில்லியில் குரல் எழுப்புவது வீண். சென்னையில் பேசித் தீர்க்க வேண்டியது அது.

சுங்கச்சாவடிப் புகார்களுக்கும் இப்படித்தான். ‘கட்டணக் கொள்ளை’ என்று பேசினால் கைதட்டலோடு முடியும். 2008-ஆம் ஆண்டு தேசிய நெடுஞ்சாலைக் கட்டண விதிகளின்படி ஒரே சாலையில், ஒரே திசையில் இரண்டு சாவடிகளுக்கு இடையே பொதுவாக 60 கிலோமீட்டர் இருக்க வேண்டும். நகராட்சி எல்லையிலிருந்து 10 கிலோமீட்டருக்குள் சாவடி இருக்கக் கூடாது. இரண்டுக்கும் விதிவிலக்கு உண்டு, ஆனால் விலக்குக்கான காரணத்தைப் பதிவு செய்ய வேண்டும். தூரத்தை அளந்து சொல்லி, ‘விலக்கு எந்தக் காரணத்தால் தரப்பட்டது’ என்று கேளுங்கள். அந்தக் கேள்விக்கு மழுப்ப இடம் குறைவு.

மூன்றாவது வேலை: சரியான வழியைத் தேர்வது

புதியவர்கள் அதிகம் தடுமாறும் இடம் இதுதான். அவையில் பேச ஏழெட்டு வழிகள் இருக்கின்றன, ஒவ்வொன்றின் பயனும் வேறு.

எழுத்துப்பூர்வமான பதில் வேண்டுமென்றால் கேள்விதான் வழி. மாநிலங்களவையில் கேள்வி நேரம் பகல் 12 மணி முதல் 1 மணி வரை. நாளொன்றுக்கு 15 நட்சத்திரக் கேள்விகள், 160 நட்சத்திரமிடாத கேள்விகள். நட்சத்திரக் கேள்விக்கு அமைச்சர் அவையிலேயே பதில் தருவார், துணைக் கேள்வி கேட்கலாம். மற்றதற்கு எழுத்தில் மட்டும் பதில். குறைந்தது 15 முழு நாட்களுக்கு முன் நோட்டீஸ் கொடுக்க வேண்டும். அமைச்சகங்களைத் தொகுதிகளாகப் பிரித்து, வாரத்தின் ஒவ்வொரு நாளையும் ஒரு தொகுதிக்கு ஒதுக்கியிருப்பார்கள். ரயில்வேக்குரிய நாளையும் அதற்கான கடைசித் தேதியையும் கூட்டத்தொடர் அறிவிப்போடு வரும் பட்டியலில் பார்த்து, சுவரில் ஒட்டி வையுங்கள். ஒரு நாள் தவறினால் பெரும்பாலும் ஒரு வாரம் போய்விடும்.

வரும் நோட்டீஸ்களின் வரிசை குலுக்கலில் முடிவாகிறது. குலுக்கலில் விழாத நட்சத்திரக் கேள்வி வீணாவதில்லை, எழுத்துப் பதில் பட்டியலுக்குப் போகும். 15 கேள்விகளும் அவையில் எட்டப்படுவது அபூர்வம், ஐந்தாறோடு மணி ஒன்றாகிவிடும். எட்டாத கேள்விக்கும் எழுத்துப் பதில் வந்துவிடும் என்பதால் ஏமாற்றம் வேண்டாம். ஒரே ஒரு கேட்டையோ ஒரே ஒரு ரயில் நிறுத்தத்தையோ பற்றியது, வெறும் புள்ளிவிவரம் கேட்பது ஆகியவற்றுக்கு நட்சத்திரம் கிடைக்காது. நேரடியாக நட்சத்திரமிடாத கேள்வியாகவே கொடுத்துவிடுங்கள். ஊர்ப் பிரச்சினைக்கு அதுவே உகந்த கருவி. பேச்சு இல்லை, படம் இல்லை, ஆனால் அமைச்சரின் பெயரில் ஒரு தாள் கையில் இருக்கும்.

சில நாட்களில் நடந்த அவசர விஷயத்துக்குப் பூஜ்ய நேரம். காலை 11 மணிக்கு, தாள்கள் மேசையில் வைக்கப்பட்ட பிறகு, அவைத் தலைவர் அனுமதித்தவை மட்டும். ஒருவருக்கு மூன்று நிமிடம், முடிந்ததும் ஒலிவாங்கி தானாக அணைந்துவிடும். அமைச்சர் பதில் சொல்லக் கடமைப்பட்டவர் அல்ல. புயல் சேதம், மீனவர் கைது, திடீரென நிறுத்தப்பட்ட ரயில் போன்றவற்றுக்கு இது பொருந்தும். பத்து ஆண்டாகக் கிடக்கும் மேம்பாலத்தை இங்கே கொண்டுவந்தால் ‘இன்றைக்கு இதில் என்ன அவசரம்’ என்று நோட்டீசே தள்ளுபடியாகும்.

அவசரமில்லாத, ஆனால் பதிவாக வேண்டிய பொது முக்கியத்துவம் உள்ள விஷயத்துக்குச் சிறப்புக் குறிப்பு. தில்லியில் ஸ்பெஷல் மென்ஷன் என்றுதான் எல்லோரும் சொல்வார்கள். 250 சொல்லுக்குள் எழுதிக் கொடுத்து, ஒப்புதல் பெற்ற வாசகத்தை அப்படியே படிக்க வேண்டும். இடையில் ஒரு சொல்லைக்கூடச் சேர்க்க முடியாது என்பதால் பலர் இதை மதிப்பதில்லை. ஆனால் அமைச்சகம் உறுப்பினருக்கு எழுத்தில் பதில் அனுப்பும் நடைமுறை இதற்கு உண்டு. மேடைப் பேச்சில் பழகியவருக்குக் கசப்பாக இருந்தாலும் காரியம் நடக்க வேண்டுமென்றால் பூஜ்ய நேரத்தைவிட இது மேல்.

கவன ஈர்ப்பில் அமைச்சர் அறிக்கை வாசிப்பார், உறுப்பினர்கள் விளக்கம் கேட்கலாம். 176-ஆவது விதியின் கீழ் குறுகிய கால விவாதத்துக்கு வேறு இருவரின் ஆதரவுக் கையொப்பம் தேவை, வாக்கெடுப்பு கிடையாது. கேள்விக்கு வந்த பதில் போதவில்லை என்றால் அரை மணி நேர விவாதம் கேட்கலாம், அதற்கும் இருவர் ஆதரவு வேண்டும். 267-ஆவது விதி அன்றைய அலுவலை நிறுத்திவைத்துவிட்டு ஒன்றை விவாதிக்கக் கேட்பது. கட்சிகள் நாள்தோறும் நோட்டீஸ் கொடுக்கும், ஏற்கப்படுவது மிகமிக அரிது. 2016 நவம்பரில் பணமதிப்பிழப்பு விவாதம் இந்த விதியின் கீழ் நடந்தது. ஊர்ப் பிரச்சினைக்கு இதைத் தொடவே வேண்டாம்.

நான்காவது வேலை: எழுதுவது

கேள்வி குறிப்பாக, ஒரே விஷயத்தைப் பற்றியதாக இருக்க வேண்டும். வாதம், ஊகம், கேலி, பழிச்சொல், கருத்துக் கேட்பது, கற்பனைச் சூழல் ஆகியவை கூடாது. நீதிமன்றத்தில் இருக்கும் வழக்கைத் தொடக் கூடாது. எளிதில் கிடைக்கும் ஆவணத்தில் உள்ளதைக் கேட்கக் கூடாது. நிராகரிக்கப்படும் கேள்விகளில் பல மேடை மொழியால் தோற்றவை.

தவறான வடிவம்: ‘மக்கள் மணிக்கணக்கில் காத்துக்கிடந்து அவதிப்படுவதை அரசு கண்டுகொள்ளாமல் இருப்பது ஏன்?’ இதில் ஊகமும் வாதமும் மட்டும் இருக்கின்றன, கேள்வி இல்லை.

சரியான வடிவம்: ‘ரயில்வே அமைச்சர் தெரிவிப்பாரா: (அ) இன்ன கோட்டத்தில் இன்ன எண் கொண்ட கடவுப்பாதையில் மேம்பாலம் கட்ட எந்த ஆண்டு ஒப்புதல் தரப்பட்டது, (ஆ) அதன் மதிப்பீடு என்ன, கடந்த மூன்று ஆண்டுகளில் ஆண்டுவாரியாக ஒதுக்கியதும் செலவிட்டதும் எவ்வளவு, (இ) பணி தொடங்கவில்லையெனில் அதற்கான காரணங்கள் யாவை, (ஈ) எந்தத் தேதிக்குள் முடிக்கத் திட்டம்?’

(ஆ)-வில் ‘ஒதுக்கியதும் செலவிட்டதும்’ என்று இரண்டையும் கேட்டிருப்பதைக் கவனியுங்கள். ஒதுக்கீட்டை மட்டும் கேட்டால் பெரிய தொகை ஒன்றைக் காட்டிவிட்டுப் போய்விடுவார்கள். ‘மேம்பாலம் கட்ட முன்மொழிவு உள்ளதா’ என்று தொடங்கினால் ‘இல்லை’ என்ற ஒரு சொல்லோடு (அ) முதல் (ஈ) வரை மொத்தமும் விழும். ஆம்-இல்லை என்று பதில் வரக்கூடிய கேள்வியை முதலில் வைக்காதீர்கள்.

மூன்று நிமிடப் பேச்சுக்குத் தமிழில் ஏறக்குறைய 250 சொல் போதும். அவையில் கூச்சல் இருந்தால் அதுவும் முடியாது, ஆகவே 200-க்குள் எழுதுங்கள். கோரிக்கை முதல் வரியிலேயே வர வேண்டும். ‘கல் தோன்றி மண் தோன்றா’ என்று தொடங்குகிறவரின் கோரிக்கை, ஒலிவாங்கி அணைந்த பிறகுதான் வருகிறது. வரிசை இப்படி இருக்கட்டும்: என்ன வேண்டும், எங்கே, எத்தனை பேருக்கு, அரசின் எந்த விதி அல்லது அறிவிப்பு அதற்கு இடம் தருகிறது, எந்த அமைச்சர் என்ன செய்ய வேண்டும்.

தமிழில் பேசலாம். எட்டாவது அட்டவணையின் 22 மொழிகளிலும் பேச்சை உடனுக்குடன் மொழிபெயர்க்கும் வசதி 2018 முதல் மாநிலங்களவையில் இருக்கிறது. முன்கூட்டித் தெரிவித்து, பேச்சின் பிரதியை மொழிபெயர்ப்பாளரிடம் கொடுத்துவிடுங்கள். ஊர்ப்பெயர், ஆட்பெயர், தொகை மூன்றும் மொழிபெயர்ப்பில் தவறும் இடங்கள். அவற்றை ஆங்கில எழுத்திலும் எண்ணிலும் ஓரத்தில் எழுதிக் கொடுப்பது நல்லது. அமைச்சர் காதில் விழுவது மொழிபெயர்ப்பாளரின் குரல்தான். வேகமாகப் பேசினால் பாதி விழாது.

ஐந்தாவது வேலை: அவையில் நடந்துகொள்வது

நட்சத்திரக் கேள்வியின் எழுத்துப் பதில் கேள்வி நேரத்துக்கு முன்பே கைக்கு வந்துவிடும். உதவியாளரின் திறமை தெரிவது அந்தச் சிறிது நேரத்தில்தான். பதிலில் எது இல்லை என்று பாருங்கள். தேதி கேட்டிருக்க ‘விரைவில்’ என்று இருக்கும், மாவட்டவாரியாகக் கேட்டிருக்க மாநில மொத்தம் இருக்கும். கேள்வி கேட்டவருக்கு வழக்கமாக இரண்டு துணைக் கேள்வி. முதலாவதை ஊருக்கும் இரண்டாவதைக் கொள்கைக்கும் வைத்துக்கொள்ளலாம். துணைக் கேள்வி ஒன்றிரண்டு வாக்கியத்தைத் தாண்டினால் தலைவர் ‘கேள்விக்கு வாருங்கள்’ என்பார், அமைச்சருக்கு மூச்சு விட நேரம் கிடைக்கும். உறுப்பினர் இருக்கையில் இல்லையென்றால் வாய்ப்பு மற்றவர்களுக்குப் போய்விடும். விமானத் தாமதத்தால் போன கேள்விகள் நிறைய. முதல் நாள் இரவே தில்லியில் இருங்கள்.

மற்றவர் எழுப்பும் விஷயம் உங்கள் மாவட்டத்துக்கும் பொருந்தினால் ‘என்னையும் இணைத்துக்கொள்கிறேன்’ என்று தெரிவியுங்கள். பெயர் குறிப்பில் ஏறும். ஒடிசாவின் மீனவர், கேரளத்தின் கயிறுத் தொழிலாளர், குஜராத்தின் உப்பளத் தொழிலாளர் பற்றிய பேச்சுகளில் இராமேசுவரத்துக்கும் பொள்ளாச்சிக்கும் தூத்துக்குடிக்கும் இடமிருக்கிறது. இதைச் செய்கிறவருக்கு மற்ற மாநிலத்தார் பின்னால் கைம்மாறு செய்வார்கள். இருவர் கையொப்பம் தேவைப்படும் இடங்களை மேலே சொன்னோமே, அங்கே உதவும்.

சொல்லக் கூடாதவை சில. உச்ச, உயர் நீதிமன்ற நீதிபதிகளின் நடத்தையைப் பதவிநீக்கத் தீர்மானத்தில் தவிர வேறெங்கும் பேச முடியாது. ஒருவர்மீது குற்றச்சாட்டு என்றால் தலைவருக்கும் உரிய அமைச்சருக்கும் முன்கூட்டித் தெரிவிக்க வேண்டும். அவைப் பேச்சுக்கு அரசமைப்பின் 105-ஆவது பிரிவு பாதுகாப்புத் தருகிறது. அதையே வெளியே வந்து செய்தியாளரிடம் சொன்னால் அந்தக் கவசம் இல்லை. அவைக்குறிப்பிலிருந்து நீக்கப்பட்ட பகுதியின் காணொளியை உங்கள் பக்கத்தில் போடாதீர்கள். உரிமை மீறல் புகாருக்கு அதுவே போதும்.

நாட்டுப் பிரச்சினையைப் பேசுவது

பட்ஜெட் விவாதம், குடியரசுத் தலைவர் உரைக்கு நன்றி தெரிவிக்கும் தீர்மானம், அமைச்சகங்களின் செயல்பாடு பற்றிய விவாதம் மூன்றிலும் நேரம் கட்சியின் பலத்தைப் பொறுத்தது. சிறிய கட்சிக்காரருக்கு நான்கைந்து நிமிடம் கிடைத்தால் அதிகம். அதில் நாட்டின் எல்லா நோயையும் பட்டியலிடாதீர்கள். ஒரே ஒரு கொள்கையை எடுத்து அது உங்கள் மாநிலத்தில் என்ன செய்கிறது என்று காட்டுங்கள்.

நிதிப் பகிர்வை எடுத்துக்கொள்வோம். 15-ஆவது நிதிக்குழு 2021–26 காலத்துக்குப் பகிரத்தக்க வரியில் 41 விழுக்காட்டை மாநிலங்களுக்கு வைத்தது, அதில் தமிழ்நாட்டின் பங்கு 4.079 விழுக்காடாக இருந்தது. செஸ் (குறிப்பிட்ட ஒரு செலவுக்கென்று வசூலிக்கும் வரி), கூடுதல் வரி இரண்டும் பகிரத்தக்க தொகையில் சேர்வதில்லை. ‘தமிழ்நாட்டை வஞ்சிக்கிறார்கள்’ என்பது முழக்கம், அது வேறு கட்சிக்காரர் காதில் ஏறாது. ‘செஸ் என்ற பெயரில் வசூலித்ததைப் பகிர்வதில்லை, இது எல்லா மாநிலத்தையும் பாதிக்கிறது, எங்களுக்கு ஏற்பட்ட இழப்பு இவ்வளவு’ என்பது வாதம். ஆளும் கட்சி ஆளும் மாநில உறுப்பினரும் உள்ளுக்குள் தலையாட்டுவார்.

முதல் பேச்சைக் குறுக்கிடாமல் கேட்பது மரபு. 1962 மே மாதத்தில் அண்ணா மாநிலங்களவையில் ஆற்றிய முதல் உரை இன்றும் மேற்கோளாகிறது. அந்த வாய்ப்பைத் தலைவர்களைப் புகழ்வதில் கரைப்பவர்களே இன்று அதிகம் என்பது வருத்தம்.

அமைச்சரல்லாத உறுப்பினர் கொண்டுவரும் தனிநபர் மசோதாவுக்கு வெள்ளிக்கிழமை பிற்பகல் இரண்டரை மணி நேரம் ஒதுக்கப்படுகிறது. ஒரு வெள்ளி மசோதா, மறு வெள்ளி தீர்மானம். நிறைவேறும் என்ற நம்பிக்கை குறைவுதான். ஆனாலும் தி.மு.க. உறுப்பினர் திருச்சி சிவா கொண்டுவந்த திருநர் உரிமை மசோதா 2015 ஏப்ரல் 24 அன்று மாநிலங்களவையில் நிறைவேறியது. மாநிலங்களவையில் தனிநபர் மசோதா நிறைவேறியது 45 ஆண்டுகளில் அதுவே முதல்முறை. மக்களவையில் அது தேங்கிவிட்டது, 2019-இல் அரசு தன் சட்டத்தை இயற்றியது. ஒரு விஷயத்தை அரசின் மேசைக்குத் தள்ள இந்த வழி எவ்வளவு தூரம் போகும் என்பதற்கு இது அளவு. வெள்ளி மாலை எல்லோரும் விமானம் பிடிக்கப் போய்விடுவார்கள். அவையில் 25 பேர் இல்லையென்றால் கோரம் (அவை நடக்கத் தேவையான குறைந்தபட்ச வருகை) கேட்டே மசோதாவை முடக்கலாம், அதனால் ஆதரவாளர்களை உட்கார வைப்பதும் உங்கள் வேலை.

ஆறாவது வேலை: பதில் வந்த பிறகு

எழுத்துப் பதிலில் சில தொடர்களுக்குத் தனிப் பொருள் உண்டு. ‘தகவல் திரட்டப்பட்டு அவையில் வைக்கப்படும்’, ‘பரிசீலனையில் உள்ளது’ என்பவை உறுதிமொழிகளாகக் கணக்கிடப்படக்கூடியவை. அரசு உறுதிமொழிகள் குழு அவற்றைப் பட்டியலில் ஏற்றினால் மூன்று மாதத்துக்குள் நிறைவேற்ற வேண்டும், இல்லையேல் அமைச்சகம் கால நீட்டிப்புக் கேட்டுக்கொண்டே இருக்க வேண்டியிருக்கும். அந்தத் தொடர்ச்சியான தொல்லையே கோப்பை நகர்த்துகிறது. ‘இத்தகைய தரவு மையமாகப் பராமரிக்கப்படவில்லை’ என்று வந்தால், அடுத்த முறை ‘எந்த அலுவலகம் பராமரிக்கிறது’ என்று கேளுங்கள். ரயில் நிறுத்தக் கோரிக்கைக்கு ‘இயக்க வாய்ப்பும் வணிக நியாயமும் இருந்தால்’ என்று வரும். அப்போது அந்த நிலையத்தின் பயணச்சீட்டு வருமானத்தைத் தகவல் உரிமைச் சட்டத்தில் வாங்கி, பதிலோடு இணைத்து அமைச்சருக்குக் கடிதம் எழுதுங்கள். கடிதத்தின் முதல் வரியில் கேள்வி எண்ணும் தேதியும் இருக்கட்டும்.

பதிலின் பிரதியை மனுக் கொடுத்தவருக்கும், ஆட்சியருக்கும், கோட்ட ரயில்வே மேலாளருக்கும் அனுப்புங்கள். தங்கள் அமைச்சர் அவையில் எழுத்தில் சொன்னது கீழ்நிலை அலுவலரிடம் எந்தப் பேச்சையும்விட வேகமாக வேலை செய்யும்.

அலுவலகத்தில் ஒரு பதிவேடு போதும்: மனுவின் தேதி, ஊர், அமைச்சகம், எந்த வழியில் எழுப்பியது, கேள்வி எண், பதிலின் சாரம், அடுத்த நடவடிக்கைக்கான தேதி. கடைசிக் கட்டத்தை வெறுமையாக விடாதீர்கள். கூட்டத்தொடர் அறிவிப்பு வந்த அன்றே பதிவேட்டை எடுத்து, தேதி கடந்தவற்றை முதலில் நோட்டீசாக எழுதத் தொடங்கலாம்.